உப்பு போட்டால் உறைநிலை ஏறுமா?

வணக்கம் ஐயா,

ஒரு உப்புக் கரைசல் 12 டிகிரி செல்சியஸிலேயே கட்டியாகிவிடும் என்று குளிரூட்டும் பொருட்கள் பற்றிய கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நான் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்துகிறேன். உப்பு போட்டால் உறைநிலை குறையும் என்றுதானே பாடம்? அதோடு, இரண்டு உப்புகளைக் கலந்து உருகுநிலையை வேண்டிய இடத்துக்குக் கொண்டுவரலாம் என்றும் சொல்லியிருந்தீர்கள். கலந்தால் சராசரி வந்துவிடுமா? என் மாணவி ஒருத்தி கேட்டாள், பதில் சொல்லத் தெரியவில்லை.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

பாடம் சரிதான். சமையல் உப்பு கரைந்த தண்ணீர் உறையும்போது உப்பை வெளியே தள்ளிவிட்டு, தண்ணீர் மட்டும் பனிக்கட்டியாகிறது. அதனால்தான் 23 சதவீத உப்புக்கரைசல் மைனஸ் 21 டிகிரி வரை திரவமாகவே இருக்கிறது. நான் எழுதிய 12 டிகிரி உப்பு டெட்ராபியூட்டைல் அமோனியம் புரோமைடு (டிபிஏபி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்). அது அப்படித் தள்ளப்படுகிற உப்பு இல்லை. படிகத்தைக் கட்டுவதில் அதற்கும் வேலை இருக்கிறது.

நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கூண்டு கூண்டாகக் கோத்துக்கொள்கின்றன. டிபிஏபியின் நேர்மின் அயனியில் நான்கு பியூட்டைல் கைகள் உண்டு. அவை பக்கத்துப் பக்கத்தில் உள்ள நான்கு கூண்டுகளுக்குள் ஆளுக்கொன்றாக நீட்டிக்கொள்ளும். புரோமைடோ கூண்டுக்குள் போவதில்லை. சுவரில் ஒரு செங்கல்லை உருவிவிட்டு அந்த இடத்தில் வேறு கல்லை வைத்தது போல, ஒரு நீர் மூலக்கூறின் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. மீத்தேன் ஹைட்ரேட்டில் (நீர்க் கூண்டுகளுக்குள் மீத்தேன் அடைபட்ட படிகம்) வாயு வெறும் விருந்தாளி, சுவரோடு அதற்கு ஒட்டுறவில்லை. இங்கே உப்பில் பாதி விருந்தாளி, பாதி சுவர். ஆகவே 'செமிகிளாத்ரேட்', அதாவது பாதிக் கூண்டுப் படிகம் என்று பெயர். இந்த வகை ஹைட்ரேட்டுகள் 1940-லேயே அமெரிக்காவில் கண்டறியப்பட்டன. உள்ளே என்ன இருக்கிறது என்பது 1959 வாக்கில் ஜெஃப்ரி, மக்மல்லன் என்ற ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர் கொண்டு பார்த்தபோதுதான் தெளிந்தது.

சுவரில் உட்கார்வதால் எதிர்மின் அயனியை மாற்றினால் சுவரின் உறுதியும் மாறும். ஃபுளோரைடு கிட்டத்தட்ட நீர் மூலக்கூறின் அளவு, நீரோடு பலமாகவும் பிணையும். அதன் ஹைட்ரேட் ஏறத்தாழ 28 டிகிரியில் உருகும். குளோரைடு பெரியது, 15 டிகிரி. புரோமைடு இன்னும் பெரியது, 12.

இப்போது மாணவியின் கேள்வி. சராசரி தானாக வராது. இரண்டு உப்புகளும் ஒரே படிகத்துக்குள் இடம் மாற்றி உட்கார ஒத்துக்கொண்டால், விகிதத்தைப் பொறுத்து உருகுநிலை நகரும். ஒத்துக்கொள்ளாமல் அவரவர் படிகத்தைத் தனியே கட்டினால், ஒன்று மற்றதன் உருகுநிலையைக் கீழே இழுக்கும், அதாவது உங்கள் பாடத்துக்கே திரும்பி வந்துவிடுவோம். டிபிஏபி தனியாக இருந்தாலே ஒன்றுக்கு மேற்பட்ட படிகம் கட்டும்: ஒரு உப்புக்கு சுமார் 26 நீர் சேர்ந்தது ஒன்று, 38 சேர்ந்தது இன்னொன்று. இரண்டாவது 10 டிகிரியை ஒட்டி உருகும். ஆகவே வெப்பமானியை மட்டும் நம்பி 'கலவை உருகுநிலை இவ்வளவு' என்று யாராவது சொன்னால் நான் அவ்வளவாக நம்ப மாட்டேன். எக்ஸ் கதிர் படம் எங்கே என்று கேட்பேன். கலப்புப் படிகமாகவே இருந்தாலும் அது ஒரே புள்ளியில் உருகாது. முதலில் உருகி வரும் திரவத்தின் விகிதமும் மிச்சப் படிகத்தின் விகிதமும் வேறு வேறு. உறைந்து உருகி, உறைந்து உருகி, தொட்டியின் அடியில் ஒன்றும் மேலே ஒன்றுமாகப் பிரிந்துபோகும் ஆபத்து உண்டு. விற்பவர்கள் இதை முதலில் சொல்வதில்லை.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? டிபிஏபி ஹைட்ரேட்டின் உள்ளுறை வெப்பம் (உருகும்போது உறிஞ்சும் வெப்பம்) கிலோவுக்கு சுமார் 190 கிலோஜூல்தான். பனிக்கட்டிக்கு 334. ஆனால் பனிக்கட்டி செய்ய இயந்திரம் பூஜ்யத்துக்குக் கீழே ஓட வேண்டும், இதற்கு 5 டிகிரியே போதும், மின்சாரம் மிச்சம். ஜப்பானில் கட்டடங்களின் ஏசிக்கு இதைக் குழம்பு பதத்தில் குழாயில் ஓட்டியிருக்கிறார்கள். அப்புறம், வாழைப்பழம் சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். அதற்குப் பனிக்கட்டி உதவாது. 12-க்கும் 15-க்கும் நடுவே ஒரு உருகுநிலை தேவைப்படுகிற இடம் இது.

வகுப்பில் காட்ட ஆசையிருந்தால், 40 சதவீத டிபிஏபி கரைசலை மூடிய கண்ணாடிக் குப்பியில் ஆய்வகக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சாப்பாடு வைக்கும் பெட்டி வேண்டாம், உப்பு நச்சுத்தன்மை உடையது, கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். 5 டிகிரியிலும் உறையாமல் அடம்பிடிக்கலாம், இவற்றுக்கு மீக்குளிர்வுப் பழக்கம் உண்டு. முன்பே உறைந்த துணுக்கு ஒன்றைப் போட்டால் வெள்ளைப் படிகம் பரவும். ஃபுளோரைடு உப்பைப் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டாம், அது தோலை அரிக்கும்.