லேப் (லேப்ரடார்) நாய்க்குட்டி செடியத் தின்னுதா? முதல்ல அந்த அரளியப் பாருங்க

5 மாச லேப் குட்டி செம்பருத்திய மொட்டையடிக்குதுன்னு எழுதியிருந்தீங்க சகோ, அது பல்லு விழுந்து முளைக்கிற வயசு, ஈறு நமநமங்கும், எது கிடைச்சாலும் கடிக்கும், பழைய டவல நனைச்சு முறுக்கி ஃப்ரீசர்ல வச்சு நீங்க பக்கத்துல இருக்கும்போது குடுங்க. செம்பருத்தி பெருசா ஒண்ணும் பண்ணாது. ஆனா உங்க போட்டோல செவரோரமா நிக்கிறது அரளி! இலை, பூ, தண்டு எல்லாமே விஷம், இதயத்துடிப்பையே கெடுத்துடும், இன்னைக்கே பிடுங்கிடுங்க இல்ல வேலி கட்டுங்க.

பூந்தொட்டிக்கு உரமா எலும்புத்தூள் போட்டீங்களா? அந்த வாசனைக்கே மண்ணத் தோண்டும், எங்க வீட்டுல ரோஜா தொட்டி அப்படித்தான் போச்சு, எங்க நாய் மூக்கு பூரா மண்ணோட வந்து நின்னான். ஆமணக்குப் புண்ணாக்கு மட்டும் வேணவே வேணாம், நாய்க்கு உயிருக்கே ஆபத்து. அரளியக் கடிச்சிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கட்டும்னு பாத்துட்டு இருக்காம டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க, கடிச்ச இலையையும் கையோட எடுத்துக்கோங்க.