மாண்டலின்: மேடையும் வகுப்பும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க நாட்டார் இசை பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்த பிறகு புளூகிராஸ் இசையைக் கேட்கத் தொடங்கினேன். நான் கர்நாடக வயலின் பயின்றவள். மாண்டலின் என்றால் இதுவரை எனக்கு மாண்டலின் ஸ்ரீனிவாஸ் மட்டும்தான். புளூகிராஸ் மாண்டலின் கலைஞர்களிடம் முதலில் என்னை ஈர்த்தது அவர்களுடைய வேகம். ஆனால் அவர்களே பாடம் நடத்தும் காணொளிகளில் வேகத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ‘சாப்’ என்ற ஒரு தட்டலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லித்தருகிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். உலகப் புகழ் பெற்ற கலைஞர்கள் கோடை முகாம்களிலும் இணைய வகுப்புகளிலும் தொடக்கநிலை மாணவர்களோடு இத்தனை நேரம் செலவிடுவது ஏன்? நம்மிடையே கச்சேரி வித்வான் வேறு, பாட்டு வாத்தியார் வேறு என்ற எண்ணம் இருக்கிறது. கச்சேரி குறைந்தவர்தான் வாத்தியார் ஆவார் என்று என் வீட்டிலேயே சொல்வார்கள். அங்கே அப்படி இல்லையா?

நான் இந்த வாத்தியத்தைக் கற்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம் என்றும் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றே என்பது என் எண்ணம். புளூகிராஸ் இசையில் பக்கவாத்தியக்காரர் என்று தனியாக ஒருவர் இல்லை. ஃபிடில் (நாட்டார் இசையில் வயலினுக்கு உள்ள பெயர்), பேஞ்சோ என்ற தந்திவாத்தியம், கிட்டார், மாண்டலின் ஆகிய நான்கையும் வாசிப்பவர்கள் முறைவைத்து முன்னால் வந்து தனியாக வாசிக்கிறார்கள். தன் முறை முடிந்ததும் ஒவ்வொருவரும் பின்னால் சென்று அடுத்தவருக்குத் துணை வாசிக்கிறார்கள். ஒரு பாட்டில் மாண்டலின் கலைஞர் தனியாக வாசிக்கும் நேரம் பெரும்பாலும் அரை நிமிடத்தைத் தாண்டாது. மீதி நேரம் முழுவதும் அவர் மற்றவர்களுக்காகவே வாசிக்கிறார். ஆகவே ஒருவரின் தரத்தை அந்தக் கலைஞர்கள் எடைபோடுவது அந்த மீதி நேரத்தை வைத்துத்தான். ‘சாப்’ அந்த மீதி நேரத்தின் வேலை.

அது எப்படி நிகழ்கிறது என்று சற்று விரிவாகச் சொல்கிறேன். மரபான புளூகிராஸ் குழுவில் தாளவாத்தியமே கிடையாது. நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் ஒன்றையும் மூன்றையும் டபுள் பாஸ் என்ற பெரிய தாழ்சுருதித் தந்திவாத்தியம் எடுத்துக்கொள்ள, இரண்டையும் நான்கையும் மாண்டலின் எடுத்துக்கொள்கிறது. இடக்கை விரல்கள் திறந்த தந்தி ஒன்றுகூட இல்லாதபடி ஒரு கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டை, பிடிக்கின்றன; வலக்கை ஒரே வீச்சில் எல்லாத் தந்திகளையும் மீட்டுகிறது; மீட்டிய அக்கணமே இடக்கை தன் அழுத்தத்தைத் தளர்த்திவிடுகிறது. விரல்கள் தந்தியை விட்டு எழுவதில்லை, அழுத்தம் மட்டும் போகிறது. அதனால் ஒலி பிறந்தவுடனேயே அடங்கி, சுரத்தின் சாயல் கொண்ட ஒரு தட்டலாக மட்டும் எஞ்சுகிறது. இதில் வலக்கையைவிட இடக்கை விடுகிற நேரமே கடினமானது. சற்றுத் தாமதமாக விட்டால் கார்டு நீண்டு பாடகரின் குரல்மீது படரும்; முன்னதாகவே விட்டால் சுரமே இல்லாத வெறும் உராய்வு கேட்கும். பாடகர் குரலைத் தாழ்த்தும்போது சாப்பும் தாழ வேண்டும், பேஞ்சோ முன்னால் வரும்போது அது கூர்மைபெற வேண்டும். மாண்டலின் கலைஞர் தன் தனி வாசிப்புக்காக முன்னால் வந்துவிட்டால் அந்தத் தட்டல் மறைந்துவிடும். அப்போது கிட்டாரோ பேஞ்சோவோ, சில வேளை வில்லால் தந்தியைத் தட்டும் ஃபிடிலோ அந்த இடத்தை நிரப்பும். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் மற்றவரின் வேலையை அறிந்திருந்தால்தான் இது நடக்கும்.

இந்த முறைக்கு வடிவம் கொடுத்தவர் பில் மன்றோ. கென்டக்கி மாநிலத்தில் ரோசின் என்ற சிற்றூரில் 1911இல் எட்டுக் குழந்தைகளில் கடைசியாகப் பிறந்தவர். அண்ணன்கள் ஃபிடிலையும் கிட்டாரையும் எடுத்துக்கொண்டதால் மிஞ்சிய மாண்டலின் அவருக்கு வந்தது என்றும், சத்தம் அதிகமாகக் கேட்கக்கூடாது என்பதற்காக எட்டுத் தந்திகளில் நான்கைக் கழற்றிவிட்டே வாசிக்கச் சொன்னார்கள் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அந்தக் கதையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய பயிற்சிக்காலம். பெற்றோரை இழந்த பின் அவர் தாய்மாமா பென் வாண்டிவரோடு வாழ்ந்தார். மாமா ஊர் நடன நிகழ்ச்சிகளில் ஃபிடில் வாசிக்கும்போது சிறுவன் கிட்டாரில் துணை வாசித்தான். ஆர்னால்ட் ஷல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞருக்கும் அப்படியே துணை வாசித்தான். மன்றோவின் மாண்டலினில் கேட்கும் புளூஸ் என்ற கறுப்பின இசையின் சாயலுக்கு ஷல்ட்ஸ் ஒரு முக்கிய ஊற்று. பின்னாளில் ஒரு புதிய இசைவகைக்கே தந்தை என்று அழைக்கப்பட்டவர், ஆடுகிறவர்களின் கால்கள் தடுமாறாமல் பார்த்துக்கொள்ளும் துணைவாத்தியக்காரராகத்தான் தொடங்கினார். சாப்பின் வேர் அங்கே இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1939இல் நாஷ்வில் நகரத்தின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி நிகழ்ச்சியில் அவருடைய ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ குழு இடம்பெற்றது. இசைவகைக்குப் பெயர் அந்தக் குழுவிலிருந்தே வந்தது. 1945 முதல் 1948 வரை பாடகர் லெஸ்டர் ஃபிளாட்டும் பேஞ்சோ கலைஞர் எர்ல் ஸ்கிரக்ஸும் அதில் இருந்த காலத்தில் இன்று நாம் கேட்கும் புளூகிராஸ் முழுமை அடைந்தது. மன்றோ 1996இல் மறையும்வரை அந்தக் குழுவில் வந்துபோன கலைஞர்கள் நூற்றுக்கும் மேல். அவர் பாடம் விளக்கிச் சொன்னவர் அல்லர். ஆனால் அவரோடு பேருந்தில் பயணம் செய்து, ஒற்றை ஒலிவாங்கியைச் சுற்றி அவரோடு நெருங்கி நின்று, தன் முறைக்கு முன்னால் நகரவும் முடிந்ததும் விலகவும் கற்றவர்கள் வெளியே சென்று தங்கள் குழுக்களை அமைத்தார்கள். ஒருவகையில் அது ஓடிக்கொண்டிருந்த குருகுலம்.

நீங்கள் ஸ்ரீனிவாஸைக் குறிப்பிட்டதால் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். மாண்டலினின் இயல்பான குறை, மீட்டிய ஒலி விரைவில் மடிந்துவிடுவது. சுரத்தை அசைக்கும் கமகமும் நீண்ட கார்வையும் உயிரான கர்நாடக இசைக்கு இது பெரிய தடை. இரட்டைத் தந்திகளை ஒன்றாக இழுத்து அசைப்பதும் கடினம். ஆகவே ஸ்ரீனிவாஸ் இரட்டைத் தந்திகளை ஒற்றைத் தந்திகளாக்கினார், ஐந்தாவது தந்தியைச் சேர்த்தார், மின்சார மாண்டலினைக் கையில் எடுத்தார். அவருடைய மேதைமை அந்தக் குறையைக் கடந்தது. புளூகிராஸ் கலைஞர்களோ நான்கு இரட்டைத் தந்திகளையும் மரத்தின் இயல்பான ஒலியையும் விடவில்லை, ஏனெனில் சட்டென்று பிறந்து சட்டென்று மடியும் ஒலியே அவர்களுக்குத் தேவைப்பட்டது. நீண்ட சுரம் வேண்டிய இடத்தில் மட்டும் ட்ரெமலோ என்ற இடைவிடாத மீட்டலால் அதை உண்டாக்கிக்கொள்கிறார்கள். கற்பித்தலில் ஒரு ஒற்றுமையும் உண்டு. ஸ்ரீனிவாஸின் குரு ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிக்கத் தெரிந்தவர் அல்லர். அவர் பாடுவார், சிறுவன் அதைத் தந்தியில் தேடிக் கண்டுபிடிப்பான். காதுவழிக் கல்விக்கு இதைவிட உயர்ந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. வருமானமும் ஒரு காரணம்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை; மின்சாரம் சேராத இசைக்குப் பெரிய அரங்குகள் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் வருமானத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் இந்த இசையின் பாரம்பரியம் நகர்ந்த வழி விளங்காது.

நியூஜெர்சி மாநிலத்தின் பசேயிக் நகரில் வாழ்ந்த ரால்ஃப் ரின்ஸ்லர், கிரீன்பிரையர் பாய்ஸ் குழுவின் மாண்டலின் கலைஞர். 1960களில் மன்றோவின் நிகழ்ச்சிகளுக்கு மேலாளராகி நகரத்து இளைஞர்களிடம் அவரைக் கொண்டுசேர்த்தவர். அதே ஊரில் வளர்ந்த பள்ளிச் சிறுவன் டேவிட் கிரிஸ்மனுக்கு இந்த இசையின் கதவைத் திறந்துவிட்டவரும் அவரே. கிரிஸ்மன் பின்னர் கலிபோர்னியாவில் ஜாஸும் புளூகிராஸும் கலந்த தனி பாணி ஒன்றை உருவாக்கினார். 1977இல் வெளியான அவருடைய ஐவர் குழுவின் முதல் இசைத்தட்டு, குரலே இல்லாத அக்கூஸ்டிக் (மின்சாரம் சேராத) இசைக்கு ஒரு திருப்பம். ஃபுளோரிடாவில் வளர்ந்த மைக் மார்ஷல் 1970களின் இறுதியில் இளைஞராக அக்குழுவில் சேர்ந்தார். 2004இல் கிரிஸ்மனும் மார்ஷலும் சேர்ந்து சான்டா குரூஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ‘மாண்டலின் சிம்போசியம்’ என்ற கோடைப் பயிலரங்கைத் தொடங்கினார்கள். பகலில் வகுப்பு, இரவில் ஆசிரியர்களின் கச்சேரி. காலையில் தன் விரலைத் திருத்தியவர் மாலையில் அதே விரலசைவைக்கொண்டு மேடையில் என்ன செய்கிறார் என்பதை மாணவர் நேரில் பார்ப்பது எத்தனை பெரிய கல்வி என்று எண்ணிப் பாருங்கள்.

மார்ஷல் பின்னர் ஆர்டிஸ்ட்வொர்க்ஸ் என்ற இணையப் பள்ளியிலும் ஆசிரியரானார். அங்கே மாணவர் தன் வாசிப்பைக் காணொளியாக அனுப்புகிறார். ஆசிரியர் பதிலைக் காணொளியாகவே தருகிறார். மற்ற மாணவர்கள் அந்த இரண்டையும் பார்க்க முடிகிறது. அடுத்தவருக்குச் சொன்ன திருத்தத்தில் நம்முடைய பிழையைக் காண்பது குருகுலத்தில் இயல்பாக நடந்த ஒன்று. தனி வகுப்புகளில் அது தொலைந்துபோயிருந்தது. அதே பள்ளியில் கற்பிக்கும் கேட்டரீனா லிக்டன்பெர்க் ஜெர்மனியின் கொலோன் இசைப் பல்கலைக்கழகத்தில் மாண்டலின் பேராசிரியர், மார்ஷலின் துணைவியும்கூட. ஐரோப்பியச் செவ்வியல் மரபும் அமெரிக்க நாட்டார் மரபும் அவர்களுடைய கச்சேரிகளில் ஒரே மேடையில் உரையாடுகின்றன.

கல்லூரிகளும் உண்டு. கிழக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1982இல் புளூகிராஸ் பாடத்திட்டத்தைத் தொடங்கிய ஜாக் டாட்டில் ஒரு மாண்டலின் கலைஞரே. ஆனால் என் மனம் அதிகம் நிற்பது பாபி ஆஸ்போர்னிடம். ஆஸ்போர்ன் பிரதர்ஸ் குழுவின் உச்சக்குரல் அவர். 1967இல் அக்குழு பதிவுசெய்த ஒரு பாட்டு பின்னர் டென்னசியின் மாநிலப் பாடல்களில் ஒன்றானது. இத்தனை புகழுக்குப் பிறகு, தான் பிறந்த கென்டக்கி மலைப்பகுதியிலுள்ள ஹைடன் ஊரின் சிறிய இசைப்பள்ளியில் எண்பது வயதுக்கு மேலும் மாணவர்களுக்கு மாண்டலின் கற்பித்தார். 2023இல், தம் 91ஆம் வயதில் மறைந்தார். கச்சேரி குறைந்தவர் வாத்தியார் ஆவார் என்று உங்கள் வீட்டில் சொல்பவர்களிடம் இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

துணை வாசிப்பதையே கலையின் பெரும்பகுதியாகக் கொண்ட ஒருவருக்கு, எதிரில் அமர்ந்திருக்கும் தொடக்கநிலை மாணவரின் வாசிப்பைத் தாங்கிப்பிடிப்பது புதிய வேலை அல்ல. மேடையில் சக கலைஞருக்குச் செய்வதையே அவர் வகுப்பிலும் செய்கிறார். சியரா ஹல் 2016இல் சர்வதேச புளூகிராஸ் இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த மாண்டலின் கலைஞர் விருதைப் பெற்ற முதல் பெண். அவருடைய தனி வாசிப்பின் நேர்த்தியை எல்லோரும் புகழ்கிறார்கள், சரியான புகழ்தான். நீங்கள் ஒருமுறை அவர் பாடகருக்குப் பின்னால் வாசிப்பதை மட்டும் கேளுங்கள். எத்தனை சுரங்களை அவர் வாசிக்காமல் விடுகிறார் என்பது தெரியும்.

இனி நீங்கள் தொடங்க வேண்டிய இடம். எட்டுத் தந்திகள் கொண்ட அக்கூஸ்டிக் மாண்டலினையே வாங்குங்கள். மின்சார மாண்டலினில் சாப் கைவராது. மேற்கத்திய வயலினைப் போலவே மாண்டலினிலும் அடுத்தடுத்த தந்திகள் ஐந்தாம் சுர இடைவெளியில், அதாவது ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள இடைவெளியில், அமைகின்றன. கர்நாடக வயலினில் ச-ப-ச-ப என்று சுருதி கூட்டுவதால் நடுவிலுள்ள இரண்டு தந்திகளின் இடைவெளி வேறு. ஆகவே உங்கள் விரல்களின் பழக்கம் நடுத்தந்திகளைக் கடக்கும்போது உங்களை ஏமாற்றும். அதைத் தொடக்கத்திலேயே எதிர்பார்த்திருங்கள். மாண்டலினின் கழுத்தில் சுரத்தானங்களைக் குறிக்கும் குறுக்குக் கம்பிகளான மெட்டுகள் இருப்பதால் சுரத்தானத்தைத் தேட வேண்டியதில்லை. அந்தக் கவனம் முழுவதையும் வலக்கைக்குக் கொடுங்கள். மெட்ரோனோம் என்ற தாளம் காட்டும் கருவியின் ஒலியை ஒன்று, மூன்றாக எண்ணாமல் இரண்டு, நான்காக எண்ணிப் பழகுங்கள். முதலில் இது நிலைகுலையச் செய்யும், சில வாரங்களில் பிடிபடும். மூன்று கார்டுகள் போதும். ஏதேனும் ஒரு வகுப்பில் சேர்ந்ததும் ஆசிரியருக்கு அனுப்பும் முதல் காணொளியில் தனி வாசிப்பு வேண்டாம். உங்கள் வீட்டில் யாரையாவது மெதுவான ஒரு பாட்டைப் பாடச்சொல்லி, அவருக்குப் பின்னால் நீங்கள் சாப் வாசித்ததை அனுப்புங்கள்.

அன்புடன்.