சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

சாங்கி விமான நிலையத்துக்கும் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்தொலைவு சுமார் 15,345 கிலோமீட்டர். இரண்டும் உலக உருண்டையில் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், ஒரு பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் அது வடதுருவத்தை ஒட்டியே செல்லும். சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க் வரை 49.4 பாகை, ஆக 138 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் மேற்சொன்ன தொலைவு கிடைத்துவிடும். நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஆனால் விமானம் அந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வானக் காற்றோட்டம் பின்னிருந்து தள்ளுமாயின், பசிபிக் பெருங்கடல் வழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றிச் சென்றாலும் எரிபொருளும் நேரமும் மிச்சமாகும் என்பதால், அன்றன்றைய காற்றைப் பார்த்தே பாதை வகுக்கப்படுகிறது. இதற்கெனவே கூடுதல் எரிபொருள் கொள்ளும்படி அமைக்கப்பட்ட ஏர்பஸ் ஏ350 விமானத்தில், இடைநில்லாப் பயணம் பொதுவாக 18 முதல் 19 மணி நேரம் ஆகும்.

கடிகாரம்தான் பலரையும் குழப்புகிறது. கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டு பதினெட்டரை மணி நேரம் பறந்தவர் அதே தேதியின் காலை 6:30 மணிக்கே இறங்குவார். குளிர்காலத்தில் இந்த வேறுபாடு 13 மணி நேரம்.