லேபர் வார்டிலிருந்து அழுதுகொண்டு வந்த மகள்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஜி.என்.எம். என்கிற நர்சிங், பிரசவப் பராமரிப்பு டிப்ளமோவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், லேபர் வார்டு போஸ்டிங் தொடங்கிய மூன்றாம் நாளே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். சரியாகச் சாப்பிடவில்லை. "இந்தப் படிப்பே வேண்டாம்" என்கிறாள். அவள் அப்பாவோ, ரத்தத்தைக் கண்டு பயப்படுகிற பிள்ளையை நர்சிங்கில் சேர்த்தது நம் தப்பு என்கிறார். பேசாமல் பி.காம். சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். டி.சி. கேட்டுப் பள்ளிக்கு யாரையும் அனுப்ப வேண்டாம்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. "மயக்கமெல்லாம் வரலையாம், வலியில கத்துன ஒரு அக்காவைத் திட்டுனாங்களாம், அதையே சொல்லிச் சொல்லி அழுவுறா" என்று எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் பட்டது.

இந்த ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன் பல வருடம் நர்சிங் டியூட்டராக இருந்தேன். ஒவ்வொரு வருடமும் ஒரு புது பேட்ச் பிள்ளைகளை லேபர் வார்டு வாசல்வரை கூட்டிப்போய் உள்ளே நிறுத்தியிருக்கிறேன். முதல் வாரத்தில் அழாத பேட்சை நான் பார்த்ததே இல்லை. ஆனால் எல்லாருடைய அழுகையும் ஒன்றாக இருப்பதில்லை. சில பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல், மாஸ்க்கோடு, புழுக்கத்தில் இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றால் யாருக்கும் சுற்றத்தான் செய்யும். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனால் பாதிப் பேருக்கு அது நின்றுவிடும். வேறு சில பிள்ளைகள் சுவரோரமாக நின்று செல்போனைப் பார்ப்பார்கள். வலியில் இருக்கிறவர் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்கள். எனக்குக் கவலை வருவது அவர்களை நினைத்துத்தான். மூன்றாவது வகைப் பிள்ளைகள் அந்தத் தாய்க்காக அழுவார்கள். உங்கள் மகள் இந்த மூன்றாவது வகை. இவர்கள் தாக்குப்பிடித்து நின்றுவிட்டால் மிக நல்ல தாதிகளாக வருவார்கள். பத்துப் பேட்சுக்கு மேல் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அவள் அங்கே என்ன படிக்கிறாள் என்று உங்களுக்கும் அவள் அப்பாவுக்கும் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். யாரும் பிள்ளையை முதல் நாளே பிரசவம் பார்க்கச் சொல்வதில்லை. வகுப்பிலுள்ள பயிற்சி அறையில் இடுப்பெலும்பு மாதிரியும் பொம்மையும் வைத்து, குழந்தையின் தலை எப்படித் குனிந்து, திரும்பி, நிமிர்ந்து வெளியே வருகிறது என்று பல தடவை செய்து பார்த்திருப்பாள். அப்புறம் கர்ப்பிணிகளுக்கான ஓ.பி.யில் வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் பழக்குவார்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வது, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வது, "தொடட்டுமாக்கா" என்று கேட்டுவிட்டுத் தொடுவது, இதெல்லாம் பாடத்திலேயே வரும். கர்ப்பப்பை எந்த உயரத்துக்கு வந்திருக்கிறது, குழந்தையின் முதுகு எந்தப் பக்கம், தலை இறங்கிவிட்டதா என்பதை விரல்களால் கண்டுபிடிக்க வேண்டும். முதல் இருபது வயிற்றில் ஒன்றும் புரியாது. ஒருநாள் திடீரென்று விரலுக்கடியில் குழந்தையின் முதுகு பிடிபடும். அன்றைக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

லேபர் வார்டுக்குள்ளும் முறை இருக்கிறது. முதலில் பக்கத்தில் நின்று பார்ப்பாள். அடுத்து, சிஸ்டருக்குக் கைகொடுப்பாள். அதற்கும் பிறகுதான், பழகிய ஒருவர் அருகில் நிற்க, தானே கையுறை போட்டுக்கொண்டு பிரசவம் எடுப்பாள். ஒவ்வொன்றையும் கேஸ் புக்கில் எழுதி டியூட்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கர்ப்பிணிகளைப் பரிசோதித்தது, பிரசவம் எடுத்தது, பிள்ளை பெற்றவரைக் கவனித்தது என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை என்று எண்ணிக்கை உண்டு. படிப்பை முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யும்போது நர்ஸ், மிட்வைஃப் (பிரசவம் பார்ப்பவர்) என்று இரண்டாகவும் பதிவாகும். அதில் இரண்டாவது பதிவுக்கான அடித்தளத்தைத்தான் இந்த வார்டில் போடுகிறாள்.

ஆரம்பத்தில் அவளுக்குத் தரும் வேலை பார்டோகிராஃப் எழுதுவதாக இருக்கும். அது பிரசவ வலியின் போக்கைக் காட்டும் ஒரு வரைபடத் தாள். கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. திறந்ததிலிருந்து எழுதத் தொடங்குவார்கள். அரை மணிக்கு ஒரு முறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வேண்டும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கலாம். தாயின் வயிற்றில் கையை வைத்து, பத்து நிமிடத்தில் எத்தனை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை நொடி நீடிக்கிறது என்று எண்ண வேண்டும். தாளில் எச்சரிக்கைக் கோடு ஒன்று இருக்கும். பிரசவத்தின் போக்கு அந்தக் கோட்டைத் தாண்டினால் உடனே பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். பார்க்க எழுத்து வேலை மாதிரிதான் இருக்கும். ஆனால் சரியான நேரத்தில் வைத்த ஒரு புள்ளி ஒரு தாயைச் சரியான நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். பார்க்காமலே எழுதி நிரப்பிய தாளால் அவர் அங்கேயே கிடக்க நேரிடும். துடிப்பைக் கேட்காமல் ஒரு எண்ணைக்கூட எழுதக் கூடாது என்று என் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டையே வறண்டிருக்கிறது.

குழந்தை பிறந்ததும் எல்லாரும் குழந்தையைத்தான் பார்ப்பார்கள். புதிதாக வந்த பிள்ளைக்குத் தாயையும் பார்க்கக் கற்றுத்தருகிறோம். குழந்தை வந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ரத்தப்போக்கைத் தடுக்க 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி. நஞ்சுக்கொடி முழுதாக வந்துவிட்டதா என்று விரித்துப் பார்ப்பது. கர்ப்பப்பை கல் மாதிரி இறுகியிருக்கிறதா என்று தொட்டுக்கொண்டே இருப்பது. இழந்த ரத்தம் 500 மி.லி.யைத் தாண்டினால் அது ஆபத்தின் அறிகுறி. குழந்தை அழவில்லை என்றால் துடைத்து, தூண்டி, தேவைப்பட்டால் முதல் நிமிடத்துக்குள்ளேயே பையும் மாஸ்க்கும் வைத்து மூச்சுக் கொடுப்பது. ரத்தம் பார்த்துப் பயம் என்கிறாரே அவள் அப்பா, இந்த வேலையில் ரத்தத்தை அளந்து பார்க்கிற கண் வேண்டும். அந்தப் பயம் பழகப் பழகக் கண்காணிப்பாக மாறிவிடும்.

சரி, அந்தத் திட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் பார்த்தது நடக்கிற விஷயம்தான். வலியில் கத்துகிறவரை அதட்டுவது, காலைத் தட்டுவது, "பெத்துக்க வந்துட்டு என்ன சத்தம்" என்பது, இதையெல்லாம் நானும் பார்த்திருக்கிறேன். ஒரு ராத்திரியில் இரண்டு நர்சுகள் ஏழெட்டுக் கட்டிலைப் பார்க்கிற இடத்தில் எரிச்சல் வருவதன் காரணம் எனக்குப் புரிகிறது. அதனால் அது சரியாகிவிடாது. நான் பிள்ளைகளைக் கூட்டிப்போன ஓர் ஆஸ்பத்திரியில், பத்தொன்பது வயதுகூட ஆகாத ஒரு பெண்ணின் தொடையில் ஒருவர் அடித்தார். என் மாணவிகள் ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் அதே ஆஸ்பத்திரியில் போஸ்டிங் வேண்டுமே என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அந்த ஆறு பேரின் பார்வை இன்றும் எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது. இந்தக் கடிதத்தை நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த லக்ஷ்யா திட்டம் அரசு ஆஸ்பத்திரிகளின் பிரசவ அறைகளுக்குத் தர விதிகள் வைத்திருக்கிறது. தாயை மரியாதையோடு நடத்துவதும் அதில் ஒன்று. நம் மாநிலத்து அரசு ஆஸ்பத்திரிகளில் அம்மாவோ அக்காவோ ஒரு பெண் துணைக்கு உடனிருக்கலாம் என்ற நடைமுறையும் பல வருடமாக இருக்கிறது. ஆக, உங்கள் மகளின் மனசு சொல்வதும் விதி சொல்வதும் ஒன்றுதான். இதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள்.

அந்த இடத்தில் ஒரு மாணவி என்ன செய்ய முடியும்? அங்கே அவள்தான் எல்லாரிலும் சின்னவள். சிஸ்டரை எதிர்த்துப் பேசினால் அவளுக்குத்தான் கஷ்டம். ஆனால் கட்டிலின் தலைமாட்டில் போய் நிற்கலாம். அதை யாரும் தடுக்க மாட்டார்கள். கையைப் பிடித்துக்கொள்ளலாம், இடுப்பை நீவிவிடலாம், ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டுக் கொடுக்கலாம். "இந்த வலி போயிடும்கா, மூச்சை மெதுவா விடுங்க" என்று சொல்லலாம். இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை அம்மா. வலி நேரத்தில் ஒருவர் விடாமல் கூடவே இருப்பதால் என்ன ஆகிறது என்பதை 26 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதலாகவும் சிசேரியன் குறைவாகவும் இருந்தது, வலி நேரமும் குறைந்தது. மருந்து, கருவி ஒன்றும் தெரியாத முதல் வார மாணவியாலும் இதைச் செய்ய முடியும்.

அவள் அப்பாவிடம் ஒரு கதை சொல்லுங்கள். 1840-களில் வியன்னாவின் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், இன்னொன்றில் தாதி மாணவிகள். டாக்டர்கள் வார்டில்தான் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் அதிகம் பேர் செத்தார்கள். மாணவிகளின் வார்டுக்கே அனுப்புங்கள் என்று பெண்கள் கெஞ்சுவார்களாம். செம்மல்வைஸ் என்ற டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்தார். மருத்துவ மாணவர்கள் பிணப் பரிசோதனை செய்த கையோடு நேராக வந்து தாய்மார்களைத் தொட்டார்கள், மாணவிகளுக்கு அந்த வேலை இல்லை. 1847-இல் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்ததும் சாவு வெகுவாகக் குறைந்தது. உங்கள் மகளுக்கு முதல் நாள் முதல் பாடமாகக் கை கழுவச் சொல்லித்தருகிறார்களே, அதற்குப் பின்னால் இவ்வளவு உயிர்கள் இருக்கின்றன. நம் ஊருக்கும் இந்தப் படிப்பு புதிதில்லை. மெட்ராஸில் தாதிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு 1854-லேயே அரசு அனுமதி கொடுத்துவிட்டது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நர்சிங் பள்ளிக்குப் போன் செய்து, லேபர் வார்டில் பிள்ளைகளோடு டியூட்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள். காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு மாலையில் வந்து கூட்டிப்போவதுதான் என்றால் அது பயிற்சியே இல்லை, ஆள் பற்றாக்குறைக்குப் பிள்ளைகளை நிரப்புகிறார்கள். அங்கே நீங்கள் சண்டை போடலாம், போட வேண்டும். பார்க்காத கேஸுக்குக் கேஸ் புக்கில் எழுதச் சொல்கிறார்களா என்று மகளிடம் கேளுங்கள். எழுதச் சொன்னால் அதுவும் பெரிய தப்பு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாளா என்று பாருங்கள். போடவில்லை என்றால் இந்த வாரமே தொடங்குங்கள். வார்டில் ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும் என்பதை நீங்களும் ஒரு முறை அழுத்திச் சொல்லிவிடுங்கள். திட்டு விழும் என்று பயந்து மறைக்கிற பிள்ளைகள் நிறைய.

நைட் டூட்டிக்கு அவள் போகும்போது பையில் பழமோ கடலை மிட்டாயோ இருக்கட்டும். டூட்டி முடிந்து வந்தவுடன் "எப்படி இருந்தது" என்று கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள். குளித்து, தூங்கி எழுந்த பிறகு அவளே பேசுவாள். அப்போது "இன்னைக்கு யாரோட கையைப் பிடிச்சே?" என்று மட்டும் கேளுங்கள்.

இவ்வளவு செய்தும் ஆறு வாரம் கழித்து அவள் தூங்காமல், உடம்பு இளைத்து, வார்டு பேரைக் கேட்டாலே நடுங்கினால் எனக்குச் சொல்லுங்கள். அப்போது வேறு வழி யோசிப்போம். அப்போதும் படிப்பை விட வேண்டியதில்லை. மூன்றாம் ஆண்டு வந்தாகிவிட்டது. முடித்துவிட்டுக் குழந்தைகள் வார்டு, டயாலிசிஸ், மனநலம், பள்ளி நர்ஸ் என்று எத்தனையோ பக்கம் போகலாம். மாறாக, பிரசவ வேலையே அவளுக்குப் பிடித்துப்போனால் அதற்கும் பாதை திறந்திருக்கிறது. 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த மிட்வைஃபரி வழிகாட்டுதலின்படி, அனுபவம் உள்ள நர்சுகளுக்குப் பதினெட்டு மாதத் தனிப் பயிற்சி இருக்கிறது. முடித்தவர்கள் சிக்கலில்லாத பிரசவங்களைத் தாங்களே பொறுப்பேற்றுப் பார்க்கலாம். அதைப் பற்றி இப்போது அவளிடம் பேச வேண்டாம், பாரமாகிவிடும்.

திங்கட்கிழமை அவளை நீங்களே பஸ் ஏற்றிவிடுங்கள். அப்பாவும் கூட வந்தால் நல்லது. ஒரு அக்காவைத் திட்டுனாங்களாம் என்று சொல்லி அழுதாளே, அந்த அக்கா இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் இருக்கலாம். இருந்தால், அந்தக் கட்டிலைத் தேடிப் போய், குழந்தை பால் குடிக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அன்புடன்.