ஷோ நாயோட காது: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

18 வருஷமா ஷெல்டியும் (ஷெட்லாண்ட் ஷீப்டாக்) யார்க்கியும் (யார்க்ஷயர் டெரியர்) வச்சு ரிங்குக்கு, அதாவது நாய் கண்காட்சி போட்டிக்கு, போயிட்டிருக்கேன். அந்த ரெண்டு காதும் அத்துப்படி, மத்ததுல தெரிஞ்ச வரைக்கும்தான். காதுக்குள்ள பட்ஸ் விடாதீங்கன்னு இப்பவே சொல்லிடறேன், எப்படியும் நாலு தடவை சொல்ல வேண்டி வரும்.

அக்கா, ஷெல்டி குட்டி, மூணரை மாசம். ஒரு காது அழகா மடங்குது, இன்னொன்னு குச்சி மாதிரி நிக்குது. ஒட்டணுமா?

ஒட்டணும், தள்ளிப் போடாதீங்க. ஷெல்டிக்கு காது முக்கால் பாகம் நிமிர்ந்து நுனி கால் பாகம் முன்னாடி கவிழணும், அதுலதான் அந்த மூஞ்சியே இருக்கு. நாலு மாசத்துலேர்ந்து ஆறு ஏழு மாசம் வரைக்கும் பல் மாறும், அப்ப காது காலையில ஒரு மாதிரி சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கும், குருத்தெலும்பு இறுகாத அந்த நேரத்தை விட்டா அப்புறம் குச்சி குச்சிதான்.

முதல்ல நுனியோட உள்பக்கத்துல எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைச்சு நல்லா காய விடுங்க. தோலுக்கு ஒத்துக்கிற பசை தீக்குச்சி முனை அளவு போதும், சூப்பர் க்ளூ பக்கமே போகாதீங்க. நுனியை முன்னாடி மடிச்சு முடியோட முடி ஒட்டுற மாதிரி வச்சு, காயற வரைக்கும் ரெண்டு விரலால பிடிச்சுக்கணும். விட்ட உடனே பின்னங்காலைத் தூக்கிட்டு சொறிய வரும் பாருங்க, அந்த நேரத்துக்கு ஒரு பொம்மையைத் தயாரா வச்சுக்கங்க. காது ஓட்டை மூடக்கூடாது, காத்து போகணும். தினம் மோந்து பாருங்க, வாடை வந்தாலோ சிவந்தாலோ எடுத்துடணும். எடுக்கறப்ப எண்ணெய் ஊற வச்சு மெதுவா, பிய்க்கக் கூடாது.

ஜெர்மன் ஷெப்பர்டு, நாலு மாசம். நின்ன காது விழுந்துடுச்சு. கால்சியம் குடுக்கலாமா?

குடுக்காதீங்க. பல் முளைக்குது, அதான் விழுந்திருக்கு. பெரிய சாதிக் குட்டிக்கு கால்சியம் அதிகமானா எலும்பு வளர்ச்சியே கோணலாகும், காதுக்கும் ஒரு புண்ணியமும் இல்ல. கடிக்க நல்லா குடுங்க, காதைப் பிடிச்சு விளையாட விடாதீங்க.

யார்க்கி காது முடி பாரத்துல சாயுது, எவ்வளவு எடுக்கலாம்?

மேல மூணுல ஒரு பங்கு, உள்ளயும் வெளியயும். க்ளிப்பரை நடுவுலேர்ந்து ஓரத்தைப் பார்த்து ஓட்டணும், எதிர்ப்பக்கமா வேண்டாம். ஓரத்துக்கு கத்தரி எடுக்கறப்ப தோல் விளிம்பு உங்க கட்டைவிரல் நகத்துக்குள்ள மறைஞ்சிருக்கணும், வெளிய தெரியற முடியை மட்டும் வெட்டுங்க. காதோட வெளி ஓரத்துல கீழ்ப்பக்கமா சின்னதா ஒரு பை மாதிரி தோல் மடிப்பு இருக்கும், புதுசா ட்ரிம் பண்றவங்க எல்லாரும் அங்கதான் வெட்டிடுவாங்க. நானும் வெட்டியிருக்கேன். துளியூண்டு வெட்டுதான், அது தலையை உதறின உதறல்ல சுவரெல்லாம் ரத்தம், வீட்டுல என்னமோ கொலை நடந்துட்ட மாதிரி.

காக்கர் ஸ்பேனியல், காது சாப்பாட்டுல முங்குது, வாடையும் வருது. பட்ஸ் வச்சு சுத்தம் பண்றேன்...

ஆரம்பிச்சாச்சு. நாய்க்கு காதுக்குழாய் நேரா போகாது, கீழ இறங்கி உள்பக்கமா திரும்பும், பட்ஸ் விட்டா அழுக்கு அந்தத் திருப்பத்துக்குத்தான் போகும். சாப்பிடறப்ப தலைக்கு துணிக்குழாய் மாதிரி ஸ்நூட் போடுங்க. வாடைக்கு டாக்டர்.

ஷெப்பர்டு, நாலரை மாசம், ஒரு காது மட்டும்...

மேல ஷெப்பர்டுக்கு சொல்லியிருக்கேன், அதைப் படிங்க.

மேடம், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. காதை ஒட்டி வளைச்சு ஜட்ஜ் முன்னாடி நிறுத்தறது ஏமாத்து இல்லையா?

தப்பா நினைக்கல, நியாயமான கேள்வி. ரிங்குக்குள்ள போறப்ப காதுல பசையும் டேப்பும் இருக்கக்கூடாது. அந்த இனத்தோட விதி அனுமதிக்காத ஆபரேஷன் பண்ணி தோற்றத்தை மாத்தினா அமெரிக்கன் கென்னல் க்ளப் விதியில தகுதி நீக்கம். குட்டியா இருக்கறப்ப ஒட்டறதை ஊரே பண்ணுது, பல்லுக்கு கம்பி கட்டற மாதிரின்னு வச்சுக்கங்க.

கம்பி கட்டினவனை யாரும் பல்லுக்காக பரிசு குடுத்து இனவிருத்திக்கு விடறதில்லையே?

அது சரி. இந்தப் பாயிண்ட்ல எனக்கும் பதில் கொஞ்சம் கஷ்டம்தான். ஜட்ஜ் பாக்கறது என் விரல் வேலையை, லிட்டர்ல, அதாவது ஒரே ஈத்துல பிறக்கற குட்டிங்கள்ல, வர்றது நாயோட ரத்தம்.

நான் 3 தலைமுறையா ஒட்டாம காலி (Collie, ஷெல்டி மாதிரியே காது மடங்கற பெரிய சாதி) நாய் வளக்கறேன். காது தானா மடங்காத நாயை ப்ரீட் பண்றதே இல்ல.

பாராட்டணும் சார், நிஜமா. ஆனா காதுக்காக நல்ல குணமும் நல்ல இடுப்பும் உள்ள நாயை ஒதுக்குவீங்களா? நான் மாட்டேன்.

டாபர்மேன் காது வெட்ட எத்தனை வாரத்துல...

இதுக்கு என்கிட்ட பதில் கிடையாது. பிரிட்டன்ல சட்டப்படி குற்றம், 1987ல வந்த ஐரோப்பிய செல்லப்பிராணி ஒப்பந்தமும் கூடாதுன்னுது. தொங்கற காதோட அது அழகாத்தான் இருக்கு.

ரிங்ல என் ஷெல்டி காதைப் பின்னாடி ஒட்ட வச்சுக்குது. வீட்டுல நல்லா நிக்கும்.

பயம். ஜட்ஜ் காதைத் தொடற மாதிரி தெரியாதவங்க கையால தினம் தொட வச்சு உடனே தின்ன குடுங்க. தீனியை மூக்கு கிட்ட ஆட்டாதீங்க, அப்ப வாயைத்தான் பாக்கும். கையை மூடி வச்சுட்டு, காது ரெண்டும் முன்னாடி வந்த நொடியில குடுங்க. 2 நிமிஷத்துக்கு மேல வேண்டாம், சலிச்சா காது செத்துடும்.

பூடில் காதுக்குள்ள முடி பிடுங்கணுமா?

காது சுத்தமா இருந்தா சும்மா விடுங்க, பிடுங்கினா உள்ள புண்ணாகும்னு சொல்ற டாக்டருங்க இருக்காங்க. அடிக்கடி சீழ் பிடிச்சா அவங்ககிட்டயே கேளுங்க.

சரி மேடம், உங்க ஒட்டின நாயோட குட்டிங்க காது எப்படி?

திரும்ப வந்துட்டீங்களா சார். கடைசி லிட்டர்ல 4 குட்டி, 3க்கு ஒட்ட வேண்டியிருந்தது. வாங்கறவங்ககிட்ட இதைச் சொல்லித்தான் குடுத்தேன், நாலாவதை நானே வச்சுக்கிட்டேன். அடுத்தது அதுலேர்ந்துதான்.

ஷெப்பர்டு, அஞ்சு மாசம்...

நான் காபி போடப் போறேன்.