ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போகிறது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 1990களில் வந்த மகிந்திரா பிக்கப். பழைய பியூஜோ டீசல் இன்ஜின். ஆலங்குளம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிப் புனலூர் போய்த் திரும்புவதற்குள் ஒரு லிட்டர், சில நாள் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குறைகிறது. வண்டி நிற்கும் இடத்தில் தரையில் ஒரு சொட்டுகூடக் கிடையாது. ஒரு மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்கிறார், இன்னொருவர் ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்க, அண்ணாச்சி?
– வாசகர், ஆலங்குளம்

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. ஹெட்டைக் கழற்றிவிட்டால் கூலி, கேஸ்கெட், ஹெட்டின் அடியைச் சமமாக்கும் ஃபேசிங் என்று செலவு வரிசையாக வரும். அதற்கு முன்னால் ஏறக்குறையக் காசே இல்லாமல் செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன.

முதலில், தண்ணீர் எதுவரை ஊற்றுகிறீர்கள் என்று பாருங்கள். உங்கள் வண்டியில் தனியாக கூலண்ட் பாட்டில் இல்லாமல், ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றும் கழுத்தில் இருக்கும் மெல்லிய குழாய் நேராகக் கீழே ரோட்டைப் பார்த்துத் தொங்கினால், கழுத்து முட்ட நிரப்புவதே தப்பு. 10 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் சுமார் 300 மில்லி கூடும். அந்த 300 மில்லிக்கு உள்ளே இடம் இல்லாததால் குழாய் வழியாக ரோட்டில் கொட்டும். மறுநாள் காலையில் மட்டம் இறங்கியிருப்பதைப் பார்த்து நீங்கள் மறுபடி முட்ட ஊற்றுவீர்கள், அது மறுபடி கொட்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது உள்ளே தெரியும் பித்தளைக் குழாய்கள் மூழ்கி, கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம் இருக்கும்படி நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் எதுவும் ஊற்றாமல் காலையில் மட்டத்தை மட்டும் பாருங்கள். அதே இடத்தில் நின்றால் ஒழுக்கு இல்லை. நீங்கள் சொல்கிற ஒன்றரை லிட்டரில் ஒரு பங்கு இப்படிப் போயிருக்கலாம், முழுவதும் இப்படிப் போக வழியில்லை.

அடுத்தது மூடி. ரேடியேட்டர் மூடியை வெறும் மூடியாக நினைத்து, கடையில் கையில் கிடைத்ததை வாங்கி மாட்டுகிறவர்கள்தான் அதிகம். அதற்குள் இரண்டு வால்வு உண்டு. ஒன்று உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும், மற்றொன்று இன்ஜின் ஆறும்போது காற்றையோ தண்ணீரையோ திரும்ப உள்ளே விடும். அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) கூடினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஒன்றரை டிகிரிக்கு மேல் உயரும். 7 பிஎஸ்ஐ மூடி சரியாக இருந்தால் தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ, ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ 100 டிகிரியிலேயே கொதித்து வெளியே தள்ளும். புனலூர் போகும் வழியில் புளியரை எஸ் வளைவில் லோடோடு இரண்டாவது கியரில் ஏறும்போதுதான் இது நடக்கும். தண்ணீர் மலையில் போய்விட, ஆலங்குளத்துத் தரை காய்ந்தே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க, அந்த மெல்லிய குழாயின் முனையை ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் தளர்வாக விட்டு, கம்பியால் கட்டி, ஒரு நடை போய் வாருங்கள். பாட்டிலின் வாயை இறுக்கி அடைக்க வேண்டாம். பாட்டிலில் தண்ணீர் சேர்ந்திருந்தால் அது மூடி வழியாகத்தான் வந்திருக்கிறது. மூடியை மாற்றும்போது பழையதில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவை வாங்குங்கள். 7 இருக்க வேண்டிய இடத்தில் 13 போட்டால், ஈயம் பற்றவைத்த பழைய தொட்டியின் ஓரம் பிரிந்துகொள்ளும். மூடி உட்காரும் கழுத்து விளிம்பு நசுங்கியிருந்தால் புது மூடியும் பிடிக்காது.

பாட்டில் காலியாக இருந்து, ரேடியேட்டரிலும் மட்டம் குறைந்திருந்தால் பிரஷர் சோதனை. கழுத்தில் மாட்டிக் கையால் அடிக்கும் பம்பு ரேடியேட்டர் வேலை செய்யும் கடைகளில் இருக்கும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். மூடியின் அளவுக்கு மட்டும் அடித்து, கால் மணி நேரம் பம்பிலுள்ள அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் டார்ச் அடித்துத் தேடுங்கள். முதலில் வாட்டர் பம்ப். அதன் அடிவயிற்றில் ஒரு சிறு துளை உண்டு. பம்ப் சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியாகத்தான் கசியும். வண்டி ஓடும்போது கசிவதை ஃபேன் காற்று பின்னால் அடித்துச் சிதறிவிடும், சூட்டில் காய்ந்தும் போகும், அதனால் சொட்டாக விழாது. துளையை அடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் எம்சீல் பசை வைப்பார்கள். அப்போது தண்ணீர் பேரிங்குக்குள் போய், கடைசியில் ஃபேனே ரேடியேட்டரைக் கிழித்துவிடும். பிறகு ஹோஸ் கிளிப்புகளுக்கு அடியில், ரேடியேட்டரின் ஃபேன் பக்கம், பிளாக்கின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் அடித்திருக்கும் வட்டத் தகட்டு மூடிகள் என்று பாருங்கள். பின்புற மூடி கண்ணுக்கே படாது, கண்ணாடி பிடித்துத்தான் பார்க்க முடியும். போர் தண்ணீர் ஊற்றும் வண்டியில் கசிந்த இடம் வெள்ளைப் பூச்சாகக் காய்ந்திருக்கும், அதுவே வழிகாட்டி.

முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால்தான் இன்ஜினுக்குள் போக வேண்டும். இரவு முழுக்க வண்டியை நிறுத்திவைத்து, காலையில் செல்ஃப் அடிக்காமல் (ஸ்டார்ட் செய்யாமல்) இன்ஜினின் அடியில் ஆயில் வடிக்கும் சம்ப் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கி முதலில் அதுதான் வரும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் நீராவி குளிர்ந்தும் அப்படி ஆகும்.

ஆயில் சுத்தமாக இருந்தால், ஆறிய இன்ஜினை மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து கழுத்துக்குள் பாருங்கள். தொடக்கத்தில் வரும் சில குமிழி உள்ளே மாட்டிய காற்றாக இருக்கும். சூடாகும் முன்பே குமிழி விடாமல் வந்து, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது கூடினால் சிலிண்டரின் அழுத்தக் காற்று (கம்ப்ரஷன்) தண்ணீருக்குள் போகிறது. மூடி போட்டு ஓட்டினால் ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகும். இப்படி இருந்தால் ஹெட் கேஸ்கெட் என்றவர் சொன்னது சரி. ரேடியேட்டர் கழுத்திலிருந்து வரும் காற்றில் இன்ஜின் புகை கலந்திருந்தால் நீல மருந்து நிறம் மாறும் சோதனையும் உண்டு. ஆனால் டீசல் இன்ஜின் சும்மா ஓடும்போது புகையில் கரியமில வாயு குறைவு, அதனால் கசிவு இருந்தும் மருந்து நீலமாகவே நிற்கலாம். ஒரு மேடு ஏற்றி வந்து உடனே சோதிப்பது நல்லது.

எந்த சிலிண்டர் என்று தெரிய, பம்பால் ஏற்றிய பிரஷரை இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பீய்ச்சும் துளைதான் குற்றவாளி. முகத்தை அருகில் கொண்டுபோக வேண்டாம். சிலிண்டரில் தண்ணீர் இருக்கும் என்று சந்தேகம் வந்த வண்டியை நாசிலோடு ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

கேள்வி: அவசரத்துக்கு ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடலாமா? கடையில் விற்கும் ஒழுக்கு அடைப்பான் நல்லதா?
– வாசகர், களக்காடு

பதில்: நடுவழியில் வாழைத்தார் லோடோடு நின்றுவிட்டால், சின்னக் கசிவுக்கு மஞ்சள் தூள் ஊர் சேர்க்கும். வீட்டுக்கு வந்ததும் முழுத் தண்ணீரையும் வடித்து அலசிவிட வேண்டும். ஊறிய தூளுக்கு ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று தெரியாது. கடை மருந்துக்கும் இதே பதில்தான். கேஸ்கெட் போன வண்டிக்கு இரண்டும் வீண்.

கேள்வி: டாடா 207 வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. ரேடியேட்டரில் செங்கல் நிறத் தண்ணீர் வருகிறது, கோடையில் சூடு ஏறுகிறது. ஆசிட் விட்டுக் கழுவலாம் என்கிறார்கள்.
– வாசகர், திசையன்விளை

பதில்: கழிவறை ஆசிட் வேண்டவே வேண்டாம். பித்தளையையும் ஈயப் பற்றையும் அது தின்றுவிடும். எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் போதும். பழைய தண்ணீரை வடித்து, லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் கரைத்து ஊற்றி, இன்ஜினை இளஞ்சூட்டில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஆறியபின் வடித்து, ஒரு கைப்பிடி சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை, நல்ல தண்ணீரால் தெளியும்வரை பலமுறை அலசுங்கள். பிளாக்கின் பக்கத்தில் உள்ள வடிகால் பிளக்கையும் திறக்க வேண்டும். ரேடியேட்டரில் மட்டும் வடித்தால் துருச்சேறு பிளாக்கிலேயே தங்கிவிடும். ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: துருவே அடைத்துக்கொண்டிருந்த ஓட்டை இருந்தால் கழுவியபின் ஒழுகத் தொடங்கும். அது கழுவியதால் வந்த ஓட்டை அல்ல.

பிறகு உப்புத் தண்ணீர் பக்கம் போக வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு பங்கு, கூலண்ட் ஒரு பங்கு. நம் ஊரில் தண்ணீர் உறைவதில்லை, துருவைத் தடுக்க இந்த அளவு போதும். பழைய பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றது என்று டப்பாவில் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். வடித்த கூலண்ட்டைத் தரையில் விட்டுவிடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கும், அது விஷம்.

கேள்வி: சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட் வால்வையே எடுத்துவிட்டார் மெக்கானிக். சரியா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: சரியில்லை. இன்ஜின் சூடான பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடுவது இந்த வால்வுதான். பல இன்ஜின்களில் வால்வு திறக்கும்போதே, ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் திரும்பும் பைபாஸ் வழியும் அடைபடும். வால்வு இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினையே சுற்றிவரும், ஏற்றத்தில் சூடு கூடத்தான் செய்யும். சமவெளியில் இன்ஜின் குளிர்ந்தே ஓடி டீசலும் கூடும். பழைய வால்வைக் குண்டானில் தண்ணீரோடு போட்டுச் சூடாக்குங்கள். 82 என்று அச்சடித்த வால்வு அந்த வெப்பத்தை ஒட்டித் திறக்கத் தொடங்கி, கொதிக்கும் முன் முழுதாகத் திறந்தால் நல்ல வால்வு, திரும்ப மாட்டிவிடலாம்.