தூண்டில் கேள்விகள்: ஸ்மால்மவுத் பாஸ்

கேள்வி: வட அமெரிக்க நன்னீர் மீனான லார்ஜ்மவுத் பாஸ் பிடித்துப் பழகியவன் நான். அதே தூண்டில், அதே ரப்பர் புழு, அதே பாசிக்கரை. அதன் உறவான ஸ்மால்மவுத் பாஸ் மட்டும் மாட்டவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பதில்: முதலில் அந்தப் பாசியை விட்டு வெளியே வாருங்கள். இது கல்லைத் தேடிப் போகிற மீன். ஏரி என்றால் பாறைச் சரிவு, கூழாங்கல் மேடு. ஆறு என்றால் பெரிய கல்லுக்குப் பின்னால் ஓட்டம் தணிகிற இடம். எல்லாம் சாப்பாட்டுக்காகத்தான். சிங்கி இறாலைச் சின்னதாகச் செய்த மாதிரி இருக்கும் கிரேஃபிஷ் கல்லிடுக்கில் ஒளிந்திருக்கும், இதற்கு அதன்மேல் அப்படியொரு ஆசை. அதனால் பழுப்பும் பச்சையும் கலந்த மூன்று அங்குல டியூப் (குழல் வடிவ ரப்பர் இரை) ஒன்றை ஜிக்கில், அதாவது ஈயத்தலை வைத்த முள்ளில், கோத்து எறிந்து, தரை தட்டும்வரை பொறுத்திருந்து, தூண்டில் கம்பின் நுனியை மெல்லத் தூக்கித் தூக்கி, ஜிக் கல்லில் டொக் டொக்கென்று இடிப்பது கைக்குத் தெரிகிற வேகத்தில் இழுங்கள். கடி பல நேரம் வெடுக்கென்று வராது. நூல் சும்மா பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான். வட அமெரிக்காவின் ஈரி ஏரி போல நீர் தெளிந்த இடங்களில் (வரிக்குதிரைச் சிப்பிகள் வந்து வடிகட்டியபின் அங்கே தெளிவு இன்னும் கூடிவிட்டது) 6 முதல் 8 பவுண்டு பாரம் தாங்கும், நீரில் எளிதில் கண்ணுக்குத் தெரியாத ஃப்ளூரோகார்பன் நூல் போதும். கல்லில் சிக்கி ஜிக்குகள் போகும், போகட்டும். ஜிக்கே போகவில்லை என்றால் நீங்கள் சரியான இடத்தில் எறியவில்லை என்று அர்த்தம்!

கேள்வி: வசந்தகாலத்தில் கரையோர ஆழமில்லாத நீரில் பெரிய பெரிய மீனாக நிற்கிறது, எதைப் போட்டாலும் கடிக்கிறது. பிடித்த உடனே விட்டுவிட்டால் தப்பில்லைதானே?

பதில்: அது பசியில் கடிப்பதில்லை. நீர் 15 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்ததும் ஆண் மீன் வாலால் விசிறிச் சரளைக்கல்லில் வட்டமாகக் கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், அப்புறம் முட்டை பொரிந்து குஞ்சுகள் தேறும்வரை காவல் முழுக்க ஆணுக்குத்தான். சரியாகச் சாப்பிடக்கூட மாட்டான், பக்கத்தில் எது வந்தாலும் பாய்வான். அவனை நீங்கள் தூக்கிப் படம் எடுக்கிற அந்தச் சில நிமிடத்துக்குள் கோபி மீன்கள் கூட்டமாக நுழைந்து முட்டைகளைத் தின்றுவிடும். கப்பல்கள் ஆடாமல் நிற்க அடியில் ஏற்றிக்கொள்ளும் பாரநீரோடு வந்து 1990 வாக்கில் வட அமெரிக்கப் பேரேரிகளில் குடியேறிய கூட்டம் அது. திரும்பி வந்து பார்க்கிற அப்பன், மிச்சம் ரொம்பக் குறைவு என்றால் கூட்டையே கைவிட்டுவிடவும் கூடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத் தென்பகுதியில் பல மண்டலங்களில் பாஸ் பிடிக்கும் சீசன் ஜூனில்தான் திறக்கிறது என்றால் காரணம் இதுதான். சட்டம் அனுமதிக்கிற ஊரிலும் கூடு கண்ணுக்குத் தெரிந்தால் நான் எறியமாட்டேன். நிற்கிற இடம் தெரிந்த, கடித்தே தீரவேண்டிய மீனைப் பிடிப்பதில் என்ன வித்தை இருக்கிறது, சொல்லுங்கள்?

கேள்வி: குட்டியாக மாட்டும்போது இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது?

பதில்: வாயை மூடிப் பாருங்கள். மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் லார்ஜ்மவுத். உடம்பில் செங்குத்துப் பட்டைகள் என்றால் ஸ்மால்மவுத், நீளவாக்கில் ஒரே கோடு என்றால் மற்றது.

கேள்வி: உலக சாதனை எவ்வளவு?

பதில்: 11 பவுண்டு 15 அவுன்ஸ், அதாவது சுமார் 5.4 கிலோ. 1955-ல் டேவிட் ஹேய்ஸ் என்பவர், அமெரிக்காவின் கென்டக்கி, டென்னசி மாநில எல்லையிலுள்ள டேல் ஹாலோ ஏரியில் பிடித்தது. மீனுக்குள் ஈயம் திணித்து எடை கூட்டினேன் என்று படகுத்துறை ஊழியர் ஒருவர் கொடுத்திருந்த வாக்குமூலம் பின்னாளில் வெளிப்பட, 1996-ல் சாதனையை நீக்கினார்கள். மறுபடி விசாரித்து 2005-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த எடையை இன்னும் யாரும் தாண்டவில்லை.